கடைமடையிலிருந்து ஒரு கிராமம்

தென்பெண்ணைப் படுகையிலுள்ள ஒரு சிற்றூரில் சில வாரங்கள் தங்கியிருந்த காலத்தில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேல்நிலைத் தொட்டியின் அடியில் குனிந்து வால்வைத் திறக்கும் ஊராட்சி ஊழியரோடு நானும் போய் நிற்பதையும், திறந்துவிட்ட தண்ணீர் எந்தத் தெருவை எவ்வளவு நேரத்தில் எட்டுகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வதையும் ஒரு நித்திய நியமமாக வைத்துக்கொண்டிருந்தேன். தொட்டி 30,000 லிட்டர் கொள்ளும். கோயிலைச் சுற்றியுள்ள பெரிய தெருவில் நான்கு நிமிஷத்தில் குழாய்கள் பொழியத் தொடங்கிவிடும். கீழத் தெருவுக்குப் பன்னிரண்டு நிமிஷம் பிடிக்கும். வாய்க்காலைத் தாண்டி, இரண்டு வயல்களுக்கு அப்பால், புளியமரத்தடியில் தொடங்கும் காலனியிலோ, அரைமணி நேரம் கழிந்த பிறகும் குழாய் புஸ்ஸென்று காற்றைத்தான் விட்டுக்கொண்டிருக்கும். அங்கே பச்சை, நீலம், ஆரஞ்சு நிறங்களில் வரிசையாக வைக்கப்பட்டிருந்த குடங்களுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த ஒரு முதியவள், நான் கேட்காமலே சொன்னாள்: "இங்க வந்து சேர்றதுக்குள்ள அங்க மூடிடறாங்க தம்பி. அவங்க வூட்டுத் தொட்டியெல்லாம் ரொம்பி வழிஞ்ச மிச்சந்தான் எங்களுக்கு." மறுநாள் அவளை "ஆயா" என்று கூப்பிட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தபோது, குடத்தை எண்ணிப் பார்க்கச் சொன்னேன். வீட்டுக்கு ஆறு குடம், நல்ல நாளில் எட்டு.

பாசனம் செய்து பழகிய தமிழனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஏரியிலிருந்து பிரியும் வாய்க்காலின் தலைமடையில் நிலம் வைத்திருப்பவன் தண்ணீர் வந்ததும் வாங்கிக்கொள்வதும், கடைமடைக்காரன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இரவெல்லாம் கரையில் காத்துக்கிடப்பதும் அவனுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம். அந்தத் துன்பம் தெரிந்ததனாலேயே நம் முன்னோர் முறைப்பாசனம் என்று ஓர் ஏற்பாட்டைச் செய்து, இன்ன நாளில் இன்ன மடைக்கு இத்தனை நாழிகை என்று கணக்கிட்டு, மடை திறந்து அடைப்பதற்கென்று ஊர்ப்பொதுவில் ஓர் ஆளையும் நியமித்து, அவனுக்குக் களத்தில் நெல்லும் அளந்தார்கள். பள்ளிக்கூடம், மருத்துவம், சாலை, விளக்கு, குடிநீர் ஆகிய நவீன சௌகரியங்களும் ஒரு கிராமத்துக்குள் வாய்க்கால் தண்ணீரைப் போலத்தான் பாய்கின்றன என்பதும், அவற்றுக்குத் திட்டம் போடுகிறவர்கள் தலைமடையில் நின்றுகொண்டே கணக்கைப் பார்த்து முடித்துவிடுகிறார்கள் என்பதும், கிராம அபிவிருத்தியைப் பற்றி நான் படித்தவற்றையும் பார்த்தவற்றையும் சேர்த்து யோசித்ததில் என் மனத்தில் உறுதிப்பட்ட அபிப்பிராயங்கள்.

தமிழ்நாட்டுக் கிராமத்தை முறைப்படி அளந்து பார்க்கும் முயற்சிக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக 1915இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம்முடைய மாணவர்கள் கையில் வினாப்பட்டியலைக் கொடுத்து அவரவர் ஊருக்கே அனுப்பி, அவர்கள் கொண்டுவந்த குறிப்புகளைத் தொகுத்து 1918இல் நூலாக வெளியிட்டார். தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடஆர்க்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, இராமநாதபுரத்து வடமலைபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான் என்னும் ஐந்து ஊர்களும் அதனால் அறிஞர் உலகில் நிலைபெற்றன. 1937இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் மறு ஆய்வை நடத்தினார்கள். இருவேல்பட்டுக்கு மட்டும் 1961இலும், 1981இலும், 2008இலும் ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் சென்றிருக்கிறார்கள். ஒரே ஊரை இத்தனை முறை திரும்பிப் பார்த்த உதாரணங்கள் நம் தேசத்தில் மிகச் சிலவே. தலைமுறைக்கடனில் கட்டுண்டு ஒரே வீட்டுக்கு உழைத்துவந்த படியாள்களை ஸ்லேட்டர் காலத்துக் குறிப்பில் பார்க்கிறோம். 2008இல் சென்றவர்களோ, ஊரைத் தன் கைக்குள் வைத்திருந்த பெரிய நிலக்கிழார் குடும்பத்தின் பிடி தளர்ந்துவிட்டதையும், உழைப்பாளிகள் வெளியூர்க் கூலியை நாடிப் போய்விட்டதையும் எழுதினார்கள்.

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது ஒரு விஷயம் புலப்படுகிறது. நிலம் கைமாறியது, கூலி உயர்ந்தது, அடிமைத்தனம் ஒழிந்தது. ஆனால் ஊரின் வரைபடத்தில் ஊர் ஓரிடத்திலும் சேரி ஓரிடத்திலுமாக, நடுவில் வயலோ வாய்க்காலோ கிடப்பது மட்டும் மாறவில்லை. எத்தனையோ சட்டங்களும் எத்தனையோ தேர்தல்களும் வந்துபோன பிறகும் அந்த இரண்டு வயல் தூரம் அப்படியே இருக்கிறது.

அது ஏன் என்று பார்க்க வேண்டுமானால், அபிவிருத்தித் திட்டங்கள் எதை ஓர் அலகாகக் கொண்டன என்று பார்க்க வேண்டும். 1946இல் டி. பிரகாசம் முதன்மை மந்திரியாக இருந்தபோது சென்னை மாகாணத்தில் 34 பிர்க்காக்களில் தொடங்கிய பிர்க்கா அபிவிருத்தித் திட்டத்தின் அலகு, பெயரே சொல்வதுபோல, வருவாய்த் துறை பல ஊர்களைச் சேர்த்து வகுத்த பிர்க்கா. 1952 அக்டோபர் 2ஆம் தேதி தேசமெங்கும் 55 இடங்களில் ஆரம்பமான சமுதாய நலத் திட்டம், அதைவிடப் பெரிய வட்டாரத்தை எடுத்துக்கொண்டது. பல்வந்தராய் மேத்தா குழு 1957இல் அறிக்கை தந்தபின், சென்னை ராஜ்யத்தில் 1958இல் பஞ்சாயத்துச் சட்டம் பிறந்து, ஊராட்சியும் ஊராட்சி ஒன்றியமும் வந்தன. அலகு பெருத்தும் சிறுத்தும் வந்து கடைசியில் ஊராட்சி என்ற எல்லையில் நின்றுவிட்டது. ஆனால் ஜனங்கள் ஊராட்சியில் வசிப்பதில்லை. இந்த ராஜ்யத்தில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள் இருந்தால், அவற்றுக்குள் குக்கிராமங்களாகவும் காலனிகளாகவும் கொட்டாய்களாகவும் சிதறிக்கிடக்கும் குடியிருப்புகள் 79,394 என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். ஓர் ஊராட்சிக்குச் சராசரி ஆறு குடியிருப்புகளுக்கு மேல் வருகிறது. தஞ்சைச் சமவெளியில் தெருவோடு தெரு ஒட்டியிருக்கும் ஊராட்சிக்கும், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கரட்டுக்கு ஒன்றும் பள்ளத்துக்கு ஒன்றுமாகப் பல குடியிருப்புகளைச் சுமக்கும் ஊராட்சிக்கும் சர்க்கார் ஏட்டில் பேதம் இல்லை.

இந்தப் பிழையைச் சர்க்காரே ஒரு முறை உணர்ந்து திருத்தியது. 2006 முதல் ஐந்து ஆண்டுகள் நடந்த அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிக்குத் தலா 20 லட்சம் ரூபாய் என்று சமமாகப் பங்கிட்டது. இரண்டு குடியிருப்புள்ள ஊராட்சிக்கும் இருபது லட்சம். முப்பது குடியிருப்புள்ள ஊராட்சிக்கும் அதே இருபது லட்சம். முன்னதில் சிமெண்டுச் சாலைக்குமேல் சிமெண்டுச் சாலை விழ, பின்னதில் தலைவர் வீடு இருக்கும் தாய்க்கிராமத்தோடு பணம் தீர்ந்துபோவதுதானே இயற்கை! 2011இல் அதற்கு அடுத்து வந்த தாய்த் திட்டம் குடியிருப்பையே அலகாக எடுத்துக்கொண்டு, எத்தனை குடியிருப்புகள் உண்டோ அதற்குத் தக்கபடி நிதியை உயர்த்தியது. அந்தத் திட்டங்களைக் கொண்டுவந்த கட்சிகளின் பெயரை மறந்துவிட்டு இந்த மாற்றத்தை மட்டும் பார்த்தால், கிராம நிர்வாகத்தில் சமீபகாலத்தில் நிகழ்ந்த மிக முக்கியமான சிந்தனை இதுவென்றே நான் கருதுகிறேன். இதைப் பற்றி அதிகம் பேர் எழுதாதது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

சேரிக்கும் ஊருக்கும் நடுவிலிருக்கும் தூரத்துக்கு மட்டும் இந்த நிதிக்கணக்கில் மருந்து கிடையாது; ஏனென்றால் அந்தத் தூரத்தைத் திட்டமே சில வேளைகளில் நிரந்தரமாக்கியிருக்கிறது. ஆதிதிராவிடர்களுக்கு வீட்டுமனை கொடுப்பதற்காக நிலத்தை விரைவாகக் கையகப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 1978இல் நிறைவேறியது. அதனால் கூரையின்றி நெருக்கியடித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் பட்டா மனை பெற்றன என்பது மறுக்கக்கூடாத நன்மை. எனினும் எடுத்த நிலம் பெரும்பாலும் பழைய சேரியை ஒட்டியோ, அதற்கும் அப்பாலோ அமைந்தபடியால், ஓட்டு வீடும் தெருவிளக்கும் வந்த புதிய காலனி ஊருக்கு ஒரு முழம்கூட நெருங்கி வரவில்லை. 1998இல் மதுரை மாவட்டத்து மேலக்கோட்டையில் முதலாவதாகத் திறக்கப்பட்ட சமத்துவபுரம் இந்த விஷயத்தில் எதிர்த்திசையில் எடுத்துவைத்த அடி. நூறு வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10 என்று கலந்து ஒதுக்கினார்கள். திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கத்தில், ரசாயனப் பொறியியல் படித்துவிட்டு உத்தியோகத்தை விட்டு ஊருக்குத் திரும்பித் தலைவரான இளங்கோ, ஒரே சுவரின் இருபுறமும் தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் வாழும்படி இரட்டை வீடுகளைக் கட்டவைத்தார். சமத்துவபுரங்களிலும் ஒரு குறை உண்டு: அவை பெரும்பாலும் ஊருக்கு வெளியே காலி நிலத்தில் எழுந்த புதிய குடியிருப்புகள், பழைய ஊரும் பழைய சேரியும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆயினும் மனை வரைபடத்தைக் கொண்டு சமூகத்தை மாற்ற முடியும் என்று ஒரு சர்க்கார் நம்பியதே பெரிய காரியம்.

கடைமடைவரை தடையின்றிச் சென்று சேர்ந்த சேவை எதுவுமே இல்லையா என்று கேட்டால், உண்டு. ஒன்றல்ல, இரண்டு உண்டு. முதலாவது பள்ளிக்கூடமும் அதோடு இணைந்த சோறும். காமராஜர் காலத்தில் 300 பேர் வசிக்கும் ஊருக்கு ஒரு தொடக்கப்பள்ளி என்று கொள்கை வகுத்து, 1956இல் மதிய உணவையும் தொடங்கினார்கள். 1982 ஜூலை முதல் தேதி திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட சத்துணவு அதை ராஜ்யம் முழுவதற்கும் விரித்தது. இந்தத் திட்டம் ஏன் வாய்க்காலைத் தாண்டிற்று? குழந்தை நடக்கக்கூடிய தூரத்தை அளவுகோலாக வைத்ததனால்தான். ஐந்து வயதுப் பிள்ளை ஒரு கிலோமீட்டருக்குமேல் நடக்காது. ஆகவே பள்ளி பிள்ளையிடம் போயிற்று. அடுப்பும் அங்கேயே மூட்டப்பட்டது. சமையல்காரரும் உதவியாளரும் பக்கத்துத் தெருவிலிருந்தே வந்தார்கள். இரண்டாவது ரேஷன் கடை. அட்டைதாரர் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாகாது என்ற நெறியை வைத்துக்கொண்டதால், வாரத்தில் சில நாட்கள் மட்டும் திறக்கும் பகுதிநேரக் கடைகள் குக்கிராமங்களில் உண்டாயின. நான் தங்கியிருந்த ஊரில் அப்படி ஒரு கடை, பயன்படாமல் கிடந்த ஒரு பழைய கட்டடத்தில் நடக்கிறது. அரிசி வரும் நாள் காலையிலேயே காலனிப் பெண்கள் தங்கள் இடத்துக்கு அடையாளமாகப் பைகளையும், பை இல்லாதவர்கள் ஒரு கல்லையும் வரிசையில் வைத்துவிட்டு நடவுக்குப் போய்விடுகிறார்கள். அந்தக் கல்லை யாரும் எடுத்து அப்புறம் போடுவதில்லை.

மருத்துவத்தின் அளவுகோல் வேறு. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது நெறி. ஜனத்தொகையை எண்ணும் இந்த நெறியில் தூரம் மறைந்துபோகிறது. நர்ஸம்மா வண்டியில் வருகிற நாளில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் குறைவில்லை. இரவு பத்து மணிக்குப் பாம்பு தீண்டியவனுக்குத்தான் வாய்க்கால் அகலமாகத் தெரிகிறது. பேருந்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2021இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீங்கியபின், அதுவரை ஆண்கள் மட்டுமே போய்வந்த சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பெண்கள் தனியே போய்வருவதை நானே பார்த்தேன். பேருந்து நிற்கும் இடம் பெரிய தெருவின் முனை.

குடிநீருக்கு முன்பு இருந்த தேசிய நெறி, ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர், 250 பேருக்கு ஒரு கைப்பம்பு, 1.6 கிலோமீட்டருக்குள் நீர் என்பது. 2019இல் அறிவித்த ஜல் ஜீவன் இயக்கம் அதை வீட்டுக்கு ஒரு குழாய், ஆளுக்கு 55 லிட்டர் என்று உயர்த்தியது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 275 லிட்டர். பதினைந்து லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்தால் பதினெட்டுக் குடம். ஆயாவின் வீட்டிலும் நீலக் குழாய் போட்டு, சுவரில் எண்ணும் எழுதியிருக்கிறார்கள். ஏட்டில் அவள் வீடு இணைப்புப் பெற்ற வீடு. குழாய் இருப்பதை எண்ணிய கணக்கு, அதில் எத்தனை குடம் வருகிறது என்பதை எண்ணவில்லை. ஒரே பிரதானக் குழாயில் எல்லாத் தெருவையும் கோத்து, கடைசியில் காலனியைத் தொங்கவிட்டால், வழியில் நாலு வீட்டில் மோட்டார் வைத்து உறிஞ்சினாலே போதும், கடைசிக் குழாய்க்குக் காற்றுத்தான் மிச்சம்.

இதற்கிடையே கிராமம் வேறொரு வழியிலும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வளர்ச்சியை யாரும் திட்டமிடவில்லை. நெடுஞ்சாலை ஓரத்து நன்செய்யில் வண்ணம் பூசிய கற்கள் நடப்பட்டு, கொடித்தோரணம் கட்டி, மனைகள் விற்பனையாகின்றன. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவுசெய்யக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததும், அடுத்த ஆண்டு வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்ததும் அனைவரும் அறிந்தவை. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இலேயே இருந்தும், சாமானியக் கிராமத்துக்கென்று இன்ன இடம் வீட்டுக்கு, இன்ன இடம் வாய்க்காலுக்கு, இன்ன இடம் மாடு மேய என்று ஒரு நிலப்பயன் வரைபடம் பெரும்பாலும் போடப்படவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள புலப்படத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையும் துல்லியமாக இருக்கிறது. ஆனால் அது வரி வாங்குவதற்காக வரைந்த படம். அதில் நேற்று நிகழ்ந்தது இருக்கும், நாளைக்கு வேண்டியது இராது. ஏரிக்கு வரும் வரத்துக்கால்வாய் ஒரு மனைப்பிரிவின் உள்தெருவாக மாறிய பிறகு, ஐந்தாறு ஆண்டு கழித்து ஒரு கார்த்திகை மழையில்தான் ஊர் அதை உணர்கிறது.

திட்டத்தை ஊரே போட்டுக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்துத்தான் இருக்கிறது. 1993 ஏப்ரல் 24ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 29 விஷயங்களைப் பட்டியலிட்டு ஊராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்றது. தமிழ்நாடு 1994இல் தன் சட்டத்தை இயற்றியது. கிராம சபை ஆண்டுக்கு நான்கு நாள் கூடிவந்தது இப்போது ஆறு நாளாகியிருக்கிறது. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உத்தரமேரூரின் குடவோலைக் கல்வெட்டை எடுத்துக்காட்டுவது நமது மேடை மரபு. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதற் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்ட அந்தச் சாசனத்தில், ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் ஆண்டுதோறும் மாறியதும், கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டதும் பெருமைக்குரியவை என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையவர் பெயரே குடத்தில் இடப்பட்டது என்பதும் அதே கல்லில் இருக்கிறது. கடைமடைக்காரனின் ஓலை அந்தக் குடத்தில் விழவில்லை. நம் காலத்திலேயே, தலித்துகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தேர்தலை நடத்தவே முடியாதிருந்து, 2006இல்தான் நடந்தது. தலைவர் நாற்காலிக்கே இத்தனை பாடு என்றால், வளர்ச்சித் திட்டத்தில் எந்தத் தெரு முதலில் எழுதப்படும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

நான் இருந்தபோது மே முதல் தேதி கிராம சபை கூடியது. பள்ளிக்கூடத்து வேப்பமர நிழலில் நூறு பேர் இருந்திருப்பார்கள். பெரும்பாலோர் நூறு நாள் வேலைப் பெண்கள். தீர்மானங்கள் வாசிக்கப்பட்டன, சாலை, மின்விளக்கு, மறுபடியும் சாலை. ஆயா எழுந்து குடிநீரைப் பற்றிப் பேசுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் கேட்டது சுடுகாட்டுப் பாதை. காலனியிலிருந்து மயானத்துக்குப் போக வேண்டுமானால் ஒரு பட்டா நிலத்தின் வரப்பில்தான் போக வேண்டும். நடவு நாளில் சாவு விழுந்தால் நாலு பேர் பாடையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்க வேண்டும். "போன ஐப்பசில எங்க வூட்டுக்காரரத் தூக்கிட்டுப் போறப்ப ஒரு கால் வழுக்கி, அவரு சேத்துல சாஞ்சிட்டாரு. குளிப்பாட்டி அனுப்புன ஒடம்பு. அந்தப் பாதைய மட்டும் போட்டுக் குடுங்க; தண்ணிய நாங்க எப்படியாச்சும் எடுத்துக்கறோம்" என்றாள். சபையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு செயலர் குறிப்பேட்டைத் திருப்பி, கடைசித் தீர்மானத்துக்குக் கீழே அதை எழுதிக்கொண்டார்.

தண்ணீரின் பொருட்டு அந்த ஊழியரோடு பிறகு நான் நெடுநேரம் பேசினேன். "நான் என்ன சார் பண்றது, வால்வு ஒண்ணுதான் இருக்குது" என்றார். தொட்டியிலிருந்து காலனிக்குத் தனிக்குழாய் ஒன்று இழுத்து, அதற்கென்று தனி வால்வு வைத்து, அதை முதலில் திறந்து கடைசியில் மூடினால் போதும் என்று அவரே கரித்துண்டால் தொட்டியின் தூணில் கோடு போட்டுக் காட்டினார். சுமார் அறுநூறு மீட்டர் குழாய். வாய்க்காலைக் கடக்க ஓர் இரும்புக் குழல். இரண்டு நாள் வேலை. பாதைக்காக நில அளவையாளர் வந்தது அதற்குச் சில நாட்களுக்குப் பின்னர், நான் ஊரை விட்டுக் கிளம்பும் தினத்தில். வழக்கம்போல் அவர் பெரிய தெரு முனையிலுள்ள எல்லைக் கல்லிலிருந்து சங்கிலியை நீட்ட ஆரம்பித்தபோது, ஆயாவும் அவள் பேத்தியும் அதன் மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி நடந்தார்கள். காலனியின் கடைசி வீட்டுத் திண்ணையில் அதைப் பேத்தி அழுத்திப் பிடித்துக்கொள்ள, அளவையாளர் அங்கே வந்து, முதல் முளையை அந்தத் திண்ணையின் ஓரத்தில் அடித்தார்.